துக்க வீட்டுக்கு முதல் சாப்பாடு

கோயில் மணி அடித்தபோது தொனாத்தா ரொட்டிக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். நிறுத்தி நிறுத்தி அடிக்கிற சாவு மணி. மோந்தெகார்தோ ஊரில் அந்த மணி கேட்டால் கடையில் ஒரு நொடி பேச்சு நின்றுபோகும். யார் வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று எல்லோரும் மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவருவார்கள். அன்றைக்கு யார் சுற்றிலும் சபீனோ அகப்படவில்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியுமாகக் கடைத்தெருவில் மேலும் கீழும் இரண்டு முறை நடந்துவிட்டுப் போனவர் அவர். விடியற்காலையில் காபி போட எழுந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் விட்டுவிட்டார்.

செய்தியைக் கொண்டுவந்தவள் ஃபெலீச்சா. தொனாத்தாவின் சந்தில் பதினோராம் நம்பர் வீட்டுக்காரி. மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு வழக்கமான காரியம் தொடங்கியது. அடக்கம் முடிந்ததிலிருந்து எட்டு நாளைக்குத் துக்க வீட்டில் அடுப்பு எரியாது. அந்த எட்டு நாளும் அக்கம்பக்கத்து வீடுகள்தான் சாப்பாடு கொண்டுபோய்ப் பரிமாற வேண்டும். ஆறுதல் சாப்பாடு என்று அதற்குப் பெயர். யாரும் காகிதத்தில் எழுதவில்லை, யாரும் தலைமை தாங்கவில்லை. அரைக் கிலோ ரொட்டி, ஒரு கிலோ ரொட்டி என்று வாங்கிக்கொண்டே பத்து நிமிஷத்தில் எட்டு நாள் சாப்பாட்டையும் பங்கு போட்டுவிட்டார்கள். காலைப் பாலும் காபியும் ஒருத்தி, வியாழக்கிழமை மத்தியானம் ஒருத்தி, வெள்ளிக்கிழமை மீன் ஒருத்தி.

ஒரே ஒரு வேளைக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் போடுகிற முதல் சாப்பாடு. அது மிகக் கிட்டத்தில் இருக்கிற வாசலுக்கு உரியது. சபீனோ வீட்டுக்கு நேர் எதிர் வாசல், ஐந்தே தப்படி தூரம், தொனாத்தாவுடையது.

ஃபெலீச்சாதான் மெல்லக் கேட்டாள். "உனக்குச் சங்கடமா இருந்தா நான் பாத்துக்கறேன்டீ. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"ஏன், என் வாசல் ராத்திரியோட ராத்திரியா நகந்து போயிடுச்சா?" என்றாள் தொனாத்தா. ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சங்கடம் என்னவோ உண்மை. சபீனோவின் மனைவி நுன்சியாவும் தொனாத்தாவும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தொனாத்தாவின் மகனுக்கு ஞானத்தாய் நுன்சியா. ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள். அந்தப் பையனுடைய கல்யாண விருந்தில் அவளுக்குப் போட்ட இடம் சமையலறைக் கதவை ஒட்டிய மேசை. தட்டோடு போகிறவன் வருகிறவன் எல்லாம் அவள் நாற்காலியை இடித்துக்கொண்டு போனான். பதினொரு வகை பரிமாறிய விருந்தில் நாலாவது வகையோடு எழுந்தாள். மணமக்கள் கையால் கொடுக்கிற சர்க்கரைப் பாதாம் பொட்டலத்தைக்கூட வாங்காமல் புருஷனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இடம் போட்டது பெண் வீட்டார். தொனாத்தாவுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் மறுநாள் ஆற்றாமையில், "ஞானத்தாய்னா தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடணுமா?" என்று அவள் சந்துக்குக் கேட்கும்படி சொன்னதும் உண்மைதான். அன்றோடு இரண்டு வாசலுக்கும் இடையே பேச்சு அற்றுப்போயிற்று. சபீனோ மட்டும் மனைவி கண்ணில் படாத நேரமாகப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம் வைப்பார்.

பத்து மணிக்குள் கறுப்புக் கட்டம் போட்ட சாவு நோட்டீஸ் தெருமுனைச் சுவரில் ஒட்டப்பட்டுவிட்டது. தொனாத்தா அதை நின்று படித்தாள். வயது எழுபத்தொன்று என்று போட்டிருந்தது. பசை இன்னும் காயவில்லை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம், "ஒரு கோழி அறுத்துக் குடு" என்றாள்.

கொசிமோ ஊருக்கு வெளியே தோட்டத்தில் பன்னிரண்டு கோழி வளர்த்தார். அவருக்கு அவை பிள்ளைகள் மாதிரி. "எந்தக் கோழி?"

"அந்தச் செவப்பு."

"செவப்பா? அது தெனம் முட்டை போடுதுடி! ஒம்பது வருஷமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறவளுக்கு என் செவப்புக் கோழியா? கடையில ஒண்ணு வாங்கிட்டு வரேன்."

"கடைக் கோழியில சாறு எறங்குமா? பேசாம இருக்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? அவ வாய்க்கு என் மேல கோவம். வயித்துக்கு என்ன கோவம்?"

கொசிமோ முனகிக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

அடக்கத்தன்று விடியுமுன்பே தொனாத்தா எழுந்துவிட்டாள். பெரிய பானையில் பச்சைத் தண்ணீரிலேயே கோழியைப் போட்டு அடுப்பைச் சிறு தீயில் வைத்தாள். மேலே திரண்டு வந்த நுரையைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகுதான் வெங்காயம், காரட், செலரித் தண்டு. மூன்று மணி நேரம் அது கொதிக்கவும் கூடாது, அடங்கவும் கூடாது. ஓரத்தில் ஒரு குமிழி வந்து உடைய வேண்டும், கொஞ்சம் பொறுத்து இன்னொரு குமிழி வர வேண்டும். அவ்வளவுதான். இடையில் ஆட்டுப்பால் சீஸ் துருவி, முட்டை கலந்து, அரைத்த இறைச்சியைக் கொண்டைக்கடலை அளவுக்கு உருட்டினாள். நூற்றைம்பது உருண்டையாவது இருக்கும். அழுதுகொண்டிருக்கிறவர்கள் மெல்ல மாட்டார்கள். கரண்டியோடு தானாக உள்ளே போகிற அளவில் இருக்க வேண்டும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அப்பா செத்தபோது நுன்சியா கொண்டுவந்த சாற்றில் உருண்டை அந்த அளவில்தான் இருந்தது.

கோயிலில் பூசைக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றாள். கல்லறைவரை நடந்தாள். எல்லோரும் நுன்சியாவைக் கட்டிப்பிடிக்க வரிசையில் நின்றபோது மட்டும் முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டாள். பானை அடுப்பில் இருக்கிறது என்று கொசிமோவிடம் காரணம் சொன்னாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். பானையைக் கொசிமோ தூக்கிக்கொண்டார். தொனாத்தாவின் கையில் கூடை. அதில் பீங்கான் தட்டுகள், வெள்ளிக் கரண்டிகள், வேகவைத்த கோழி, கசப்புக் கீரை வதக்கல், ரொட்டி, ஒரு குப்பி ஒயின். எல்லாவற்றுக்கும் மேலே தன் சீதனத்தில் வந்த பூவேலை மேசைவிரிப்பு. துக்க வீட்டுக்குக் கொண்டுபோவது வீட்டிலிருக்கிற மிக நல்ல விரிப்பாக இருக்க வேண்டும். சந்தில் ஒரு ஜன்னல்கூட மூடியில்லை. ஃபெலீச்சா மாடியில் ஏற்கெனவே துடைத்த கம்பியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

துக்க வீட்டு வழக்கப்படி நுன்சியா வீட்டில் ஒரு கதவு சாத்தி ஒரு கதவு திறந்திருந்தது. தட்டியதும் வந்தவள் இலாரியா. நுன்சியாவின் மகன் ருஜ்ஜேரோவுடைய மனைவி, மிலானுக்கு அந்தப் பக்கத்துப் பெண். இந்த ஊருக்கு வந்ததே மூன்றோ நாலோ முறைதான். அழுது கண் வீங்கியிருந்தது.

"ஐயோ, எதுக்குங்க இவ்வளவு சிரமம்?" என்றாள். "நாங்க ரோஸ்ட் கடையில சாப்பாடு சொல்லிட்டோம், இப்ப வந்துடும். உங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னுதான். ரொம்ப நன்றிங்க." மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மரியாதையாகவே கதவைச் சாத்தினாள்.

தொனாத்தா அசையாமல் நின்றாள். ஆறுதல் சாப்பாட்டை வாசலோடு திருப்பி அனுப்பிய வீட்டை அவள் இதுவரை கேள்விப்பட்டதில்லை. மேலே ஃபெலீச்சாவின் துணி கம்பியில் அப்படியே நின்றுவிட்டது. ஐந்து தப்படியையும் திரும்ப நடந்தபோது ஐந்து மைல் மாதிரி இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் கூடையை மேசைமேல் வைத்த வேகத்தில் கரண்டிகள் குலுங்கின. "பாத்தியா? பாத்தியா கொசிமோ? ஆள் விட்டுச் சொல்ல வைக்கிறா! செத்த வீட்டுலகூட வீம்பு போகலை!"

"அந்தப் பொண்ணுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? மிலான்ல பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூட..."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. உள்ள இருக்கறவளுக்குத் தெரியுமில்ல?" என்றாள் தொனாத்தா. "நான் பானையோட நின்னேன். சந்தே பாத்துச்சு."

கொசிமோ ஜன்னல் பக்கம் போனார். எட்டிப் பார்த்துவிட்டு, "தொனாத்தா, இங்க வா" என்றார்.

எதிர் வாசலில் இரண்டு கதவும் திறந்திருந்தன. நுன்சியா வெளியே வந்துகொண்டிருந்தாள். தலையிலிருந்து கால்வரை கறுப்பு. புருஷனை அடக்கம் செய்து வீடு திரும்பிய பிறகு விதவை வாசல்படி தாண்டக் கூடாது. பூசைக்குக்கூட எட்டாம் நாள்தான் போக வேண்டும். பின்னால் ருஜ்ஜேரோ, "அம்மா, எங்க போற? அம்மா!" என்று கையைப் பிடித்தான். அவள் கையை உதறிவிட்டு சந்தைக் கடந்து வந்தாள். மேலே எந்த ஜன்னலையும் பார்க்கவில்லை. தட்டாமலே கதவைத் தள்ளி உள்ளே வந்து, சமையலறை மேசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆறிடுச்சா?" என்று கேட்டாள்.

ஒன்பது வருஷத்தில் முதல் வார்த்தை அது. "சூடாத்தான் இருக்கு" என்றாள் தொனாத்தா. பூவேலை விரிப்பை உதறி மேசையில் விரித்தாள். சாற்றை ஊற்றி, உருண்டைகள் நிறைய வருகிற மாதிரி அடியிலிருந்து எடுத்துப் போட்டு, சீஸ் தூவி முன்னால் வைத்தாள்.

நுன்சியா ஒரு கரண்டி குடித்தாள். இரண்டாவது கரண்டியை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டாள். தோள்கள் குலுங்கத் தொடங்கின. மணி அடித்ததிலிருந்து அவள் அழவில்லை என்று ருஜ்ஜேரோ பிற்பாடு சொன்னான். கல்லறையிலும் அழவில்லையாம். தொனாத்தா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கொசிமோ அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"அந்த டேபிள நான் போடலக்கா" என்றாள் தொனாத்தா, நெடுநேரம் கழித்து.

"தெரியும். அடுத்த வாரமே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன்?"

"யாரு மொதல்ல பேசறதுன்னுதான்." நுன்சியா முக்காட்டுத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. போடி, போய் ஒரு காபி குடிச்சுட்டு வா, அவ்வளவுதானேன்னு. நாளைக்கு, நாளைக்குன்னே சொல்லிட்டேன்."

ருஜ்ஜேரோவும் இலாரியாவும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்து கிடந்தது. தான் செய்தது என்ன என்று புருஷன் அதற்குள் சொல்லியிருக்க வேண்டும். "எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது" என்றாள்.

"தெரியாதுன்னா உக்காந்து சாப்பிடு, தெரியும்" என்றாள் நுன்சியா. "பொண்ணு காலையிலேர்ந்து ஒண்ணும் தின்னல, தொனாத்தா. அவளுக்கு நெறைய ஊத்து."

எல்லோரும் பாதித் தட்டில் இருந்தபோது ரோஸ்ட் கடை வேன் வந்தது. எதிர்வீட்டில் ஆள் இல்லாமல் திகைத்த டிரைவருக்கு ஃபெலீச்சா மாடியிலிருந்தே வழி சொன்னாள். பொரித்த கோழி நாலு, உருளைக்கிழங்கு இரண்டு பெட்டி. சமையலறையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதைக் கொசிமோவுக்கு வைங்க" என்றாள் நுன்சியா. "செவப்புக் கோழி போன துக்கம் மூஞ்சியிலயே தெரியுது."

"எப்படித் தெரியும் உங்களுக்கு, செவப்புன்னு?" என்றார் கொசிமோ.

"ஒம்பது வருஷமா பேசலதான். சாறு எதுல வச்சதுன்னுகூடவா நாக்குக்கு மறந்துடும்?"

முதலில் சிரித்தது ருஜ்ஜேரோ. சிரித்தவன் அப்பாவை நினைத்துச் சட்டென்று நிறுத்த, அம்மா அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். சாப்பாடு முடிந்ததும் தொனாத்தா அவளைக் கைப்பிடித்துச் சந்தைக் கடத்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். மீதி நாட்களில் எல்லாம் முறைப்படி நடந்தது. கூடைகள் வந்தன, விரிப்புகள் விரிந்தன. ஒவ்வொரு வேளையும் இலாரியாவே கதவைத் திறந்து கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மீனில் முள் எடுப்பது எப்படி என்று ஃபெலீச்சாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பத்தாம் நாள் அவளும் புருஷனும் ரயிலேறிப் போனார்கள்.

மாசி மாதக் குளிரில் ஒரு நாள், தொனாத்தா நுன்சியா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மிலானிலிருந்து போன் வந்தது. இலாரியாதான். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மூன்றாம் மாடிக் கிழவரின் மனைவி இறந்துபோய்விட்டாளாம். ஆறு வருஷமாக லிஃப்டில் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. அவர் வீட்டில் யாரும் சமைக்கிற மாதிரி தெரியவில்லை. ஒரு கோழி வாங்கி வந்துவிட்டாளாம்.

"எவ்வளவு நேரம் அடுப்புல வைக்கணும்? தக்காளி போடலாமா?"

"ஒரு தக்காளி போடு" என்றாள் நுன்சியா.

"தக்காளியா?" தொனாத்தா கோப்பையைக் கீழே வைத்தாள். "யாராவது ஆறுதல் சாத்துல தக்காளி போடுவாங்களா? நெறம் கெட்டுப்போகும்!"

"எங்கம்மா போட்டாங்க."

"அதான் உங்கம்மா சாறு அந்த லட்சணத்துல இருந்துச்சு!"

"என்னடி சொன்ன?"

போனில் இலாரியா, "அத்தை, தண்ணி கொதிக்குது, சீக்கிரம் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"கொதிக்க விட்டுட்டியா?" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். "அடுப்பைக் கொறை, பொண்ணே, அடுப்பைக் கொறை!"