உமக்குச் சித்தமானால்

மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் போதும், கீழே மூத்த மருமகளுக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். அது இளைய மருமகள் முழங்கால் போட்டு ஜெபிக்க இடம் ஒதுக்குகிற சத்தம். அவள் முழங்கால் போட்டால் எப்படியோ ஏதாவது வந்துவிடுகிறது, அதுதான் எரிச்சலே. கேஸ் தீர்ந்த அன்றைக்கு அவளுடைய அண்ணன் யாரும் சொல்லாமலே ஒரு சிலிண்டரைக் கொண்டுவந்து இறக்கினான். பிள்ளைக்குச் செருப்பு பிய்ந்த வாரம் யாரோ ஒரு புண்ணியவதி நல்ல செருப்பாகக் கொடுத்தாள், அதுவும் அளவெடுத்தாற்போல. கீழ்வீட்டிலும் அதே ஆண்டவரிடம்தான் கேட்டார்கள். கீழ்வீட்டுக்கு மாடிக் குழாயின் ஒழுகல்தான் வந்தது.

இருவருடைய புருஷன்மாரான அண்ணனும் தம்பியும் பாட்டில் கம்பெனியில் வேன் ஓட்டினவர்கள். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊரில் பாதிப்பேர் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. மூத்தவளிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது, ஆனால் துணி வாங்கவே ஆளில்லாதபோது தைக்கக் கொடுப்பது யார்? மெஷினுக்கு மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

சபையில் பாஸ்டரம்மா இதற்கு ஒரு வழி செய்தார். அவனவன் தன் வீட்டுக்காகவே கேட்டுக் கேட்டு ஜெபக்கூட்டம் டிக்கெட் கவுண்டர் மாதிரி ஆகிவிட்டதாம். அதனால் இனிமேல் யாரும் தன் தேவையைத் தானே கேட்கக் கூடாது. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து, அவள் வீட்டுக்காக இவளும் இவள் வீட்டுக்காக அவளும் கேட்க வேண்டும். ஒரே வீட்டில் மேலும் கீழும் இருக்கிறார்கள், வசதியாயிற்றே என்று அந்த மகராசி ஓரகத்திகள் இருவரையும் ஒரு ஜோடி ஆக்கினார். மூத்தவளுக்குச் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. அவள் வீட்டுச் சோறு இப்போது இளையவள் நாக்கில் அல்லவா இருக்கிறது!

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு ஏற்றும் வேனுக்கு ஒரு டிரைவர் வேண்டும் என்றார்கள். வேலை ஒன்றுதான். அண்ணனும் போய்க் கேட்டார், தம்பியும் போய்க் கேட்டான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மூத்தவள் எழுந்து நின்று கொழுந்தனுக்காகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். கொடும் என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுக்காதேயும் என்று சொல்லப் பயம். நல்லவேளையாக ஒரு சொல் கைகொடுத்தது. “என் கொழுந்தனுக்கு அந்த வேலையைத் தாரும் ஆண்டவரே, உமக்குச் சித்தமானால்” என்றாள். சொன்னதும் அப்பாடா என்றிருந்தது. அந்தச் சொல்லிலேயே வசதியாகச் சாய்ந்துகொண்டாள். “சித்தமானால் மட்டும் தாரும். சித்தமில்லையென்றால் வேண்டவே வேண்டாம் ஆண்டவரே, கதவை இறுக்கி அடைத்துவிடும்.” பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னவொரு ஒப்புக்கொடுத்தல் என்று பாஸ்டரம்மாவே மெச்சினார்.

வேலை கொழுந்தனுக்குக் கிடைத்தது. மூன்று மாதம் ஓட்டிப் பார்த்து அப்புறம் நிரந்தரமாக்குவார்கள் என்றார்கள். அண்ணனிடம், தம்பி சரிப்படாவிட்டால் அடுத்த பேர் உங்களுடையதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு வார்த்தையை மூத்தவள் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இளையவள் எழுந்து, ஆண்டவர் வேலை கொடுத்தார் என்று சாட்சி சொன்னாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கள் அக்காவின் ஜெபத்தால்தான் என்று ஒரே அழுகை. சபை முழுவதும் திரும்பி மூத்தவளைப் பார்த்தது. அவளுக்கு நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அதோடு விட்டதா? அக்காவின் ஜெபம் அப்படியே பலிக்கிறது என்று பேச்சுப் பரவிவிட்டது. மருந்துக்கடைக்காரர் வந்தார், நர்ஸ் வந்தாள், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் தன் மாமியாரோடு வந்தார். சும்மா வந்து ஜெபிக்கச் சொல்ல வெட்கப்பட்டு ஆளுக்கொரு கிழிந்த பேன்ட்டோ, மகனுக்குச் சுருக்க வேண்டிய சட்டையோ கையில் எடுத்து வந்தார்கள். புதுசு வாங்க வழியில்லாத காலத்தில் பழசைப் பிரித்துத் தைக்கிற வேலை குவிந்தது. துண்டு எடுபட்டு மெஷின் நாள் முழுக்க ஓடியது. ஜன்னலோரம் உட்கார்ந்து பிளேடால் தையல் பிரித்துக் கொடுப்பது புருஷனின் வேலை. கேட்டவர்களிடம், பிரிக்கிற டிபார்ட்மென்ட்டில் சேர்ந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார்.

அடுப்பு எரிந்தது, மூத்தவளின் வயிறும் எரிந்தது. மாடிக் கொடியில் காய்கிற ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் சட்டையின் தண்ணீர் அவளுடைய ஜன்னலில்தான் சொட்டும். அந்தச் சட்டைக்குள் என் புருஷன் அல்லவா இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சொட்டுக்கும் நினைப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் “நிரந்தரமாக்கும் ஆண்டவரே, உமக்குச் சித்தமானால்” என்று பழைய இடத்திலேயே சாய்ந்துகொள்வாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இளையவள் படியிறங்கி வந்தாள். திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டிருக்கிறாராம், வைத்துக்கொள்வார்களா அனுப்பிவிடுவார்களா என்று அன்றைக்குத் தெரிந்துவிடுமாம். பயத்தில் சாப்பாடே இறங்கவில்லை என்றாள். இப்போதே கையைப் பிடித்து ஜெபிக்க வேண்டுமாம். மூத்தவளுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் துள்ளியது. முகத்தை மட்டும் பக்தியாக வைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“இன்னிக்கு மட்டும் அந்த சித்தமானாவ விட்டுடுங்க.”

மூத்தவள் முகம் சுண்டிப்போயிற்று. ஆண்டவர் சித்தமில்லாமல் ஒரு மயிரும் உதிராது, அதைச் சொன்னால் என்ன தப்பு என்று சீறினாள்.

“தப்பில்ல. ஆனா எங்களுக்கு ஜெபிக்கிறப்ப மட்டும்தானே சொல்றீங்க. மருந்துக்கடை அண்ணனுக்குச் சொல்லல. வாட்ச்மேனுக்கும் சொல்லல.”

ஜன்னலோரம் பிளேடு நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்குக் கோபம்தானே முதலில் வரும்? வந்தது. நான்தான் பொல்லாதவள், சரி, நீ நாற்காலியை இழுத்து இழுத்துப் போட்டு ஜெபித்தாயே, என் புருஷனுக்கு என்ன வந்தது என்று கத்தினாள்.

இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அத்தானுக்காக நான் கேக்கவே இல்லக்கா. அந்த வேலைய உங்களுக்குக் குடுங்கன்னு கேக்க மனசு வரல. மனசு வராம கேக்க பயமா இருந்துச்சு. அதனால உங்க மெஷின் ஓடணும்னு மட்டும் கேட்டேன். அத முழு மனசா கேக்க முடிஞ்சுது. சத்தம் வரலேன்னா திரும்பவும் முழங்கால் போடுவேன்.”

மூத்தவளுக்கு நினைவு வந்தது. மெஷின் சும்மா கிடந்த நாட்களில்தான் மேலே நாற்காலி ஓயாமல் நகர்ந்தது. தனக்குத்தான் அள்ளிக்கொள்கிறாள் என்று கீழே இருந்து வயிறெரிந்த நாட்கள் அவை. மெஷினைப் பார்த்தாள். அதன் இரண்டு பக்கமும் துணி குவிந்து கிடந்தது. இளையவள் கேட்டது கிடைத்திருக்கிறது, கண்ணெதிரே கிடக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை. நன்றி வரவேண்டிய இடத்திலும் அவளுக்குப் பொறாமைதான் வந்தது. கேட்க மனமில்லாததை மனமில்லை என்று விட்டுவிட அந்தச் சின்னவளுக்குத் தெரிந்திருக்கிறதே, தனக்குத் தெரியவில்லையே என்று புதிதாக ஒரு பொறாமை.

“திங்கட்கிழமை உன் புருஷனுக்கு இல்லேன்னா அடுத்தது எங்க வீட்டுக்காரர் பேரு. உனக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எங்கிட்ட வந்து கைய நீட்டுற?”

“வேற யார்கிட்டக்கா போவேன்? எனக்கு ஜோடி நீங்கதானே.”

இளையவள் நீட்டிய கை அப்படியே இருந்தது. மூத்தவள் அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வழக்கமான வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

“ஆண்டவரே, எனக்கு இவ மேல பொறாமையா இருக்கு. உமக்குத் தெரியும், இப்ப இவளுக்கும் தெரிஞ்சுபோச்சு. இது போகும்னு எனக்குத் தோணல. இருந்தாலும் கேக்குறேன். என் கொழுந்தனுக்கு அந்த வேலைய நிரந்தரமா குடுத்துடும்.”

அங்கே நாக்கு தானாகப் பழைய இடத்துக்குப் போயிற்று. பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். உள்ளே ஏதோ பிய்கிற மாதிரி வலித்தது. ஆமென் சொல்ல வேண்டும், சொல்ல முடியவில்லை.

“ஆமென்” என்றது ஜன்னலோரக் குரல்.

அடுத்த பேருக்குச் சொந்தக்காரர் மடியில் பிரித்த பேன்ட்டோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக இவள் யாருக்காக மல்லுக்கட்டினாளோ அந்த மனுஷன் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! மூத்தவள் அவரை முறைத்தாள். பிறகு அவளும் மெதுவாக ஆமென் என்றாள்.

இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலி நகர்ந்தது. வழக்கம்போல மூத்தவளுக்கு வயிற்றில் சுருக்கென்றது. அவள் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்து வாட்ச்மேன் பேன்ட்டை ஊசிக்கு அடியில் கொடுத்தாள். மாடிவரைக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் வேகமாகவே மிதித்தாள்.