பெயர் போடாத சுவர்ப்படம்

1969 ஜூன் மாதம் ஒரு மத்தியானம், தாம்பரம் பஸ் நிலையச் சுவரில் இருந்த பெண், இடுப்பில் காலிக் குடத்தோடு கீழே இறங்கி, தன்னை வரைந்த சத்தியநாதனின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அன்று மார்க்கெட்டில் கத்தரிக்காய் மலிவு. சத்தியநாதன் போர்டு எழுதுகிறவர். முந்தைய கோடையில் குழாய்கள் வறண்டு தண்ணீர்ப் போராட்டம் நடந்தபோது, எல்லோரும் சர்ச்சில் இருந்த ஒரு ஞாயிறு காலையில் அவளை வரைந்தார். கீழே பெயர் போடவில்லை. போராட்டச் சுவரில் யாரும் போடுவதில்லை, போட்டால் போலீஸ் நேரே வீட்டுக்கு வரும். படத்தின் முன் கூடிய கூட்டம் கல்லெறிந்து கலைந்தது. கலவரத்தைத் தூண்டியதாக வரைந்தவனைத் தேடும் வழக்கு மட்டும் மூடப்படாமல் கிடந்தது.

பெயரில்லாத படத்தைப் பல்லாவரத்து சோப்பு முதலாளி ஒருவர் தன்னுடையதாக்கிக்கொண்டார். சோப்பு உறையில் அவள் குடம் நிரம்பி வழிந்தது, அவளும் சிரித்தாள். “இன்னாயா இது, என்னிய சிரிக்க வெச்சுட்டானுங்க. வாயை மூடவே முடியல” என்றாள் வந்ததும். உண்மைதான், பாவம், அழும்போதும் சிரித்தாள். சத்தியநாதனின் மனைவி தபீதாள், அவள் வெளியே தெரியாதபடி ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டினாள். முதலில் விருந்தாளிகள் வருவது நின்றது, பிறகு காற்று.

வக்கீல் வைத்தீஸ்வரன் ஒளிக்காமல் சொன்னார்: “வரைஞ்ச நிமிஷமே படம் உங்களுது. பதிவு பண்ணியே ஆகணும்னு இல்ல. உங்களைக் கேக்காம அவர் போட்டது தப்பு. ஆனா நான்தான் வரைஞ்சேன்னு நீங்க கோர்ட்ல சொல்லணும்.”

“சொன்னா?”

“சோப்பு நிக்கும். நீங்க உள்ள போவீங்க.”

அந்த இருட்டு வீட்டில் மூன்று வருஷம் ஓடியது. சோப்பு விற்க விற்க அவள் சிரிப்பு காதுவரை இழுபட்டது, சோறு மெல்லவும் முடியவில்லை. ஒருநாள் தபீதாளே சலவைச் சட்டையை எடுத்து நீட்டினாள். “போய்ச் சொல்லிடுங்க. இதைப் பார்த்துட்டு என்னால இருக்க முடியல.”

கோர்ட்டில் யாரும் நம்பவில்லை. அந்த ஞாயிறு சத்தியநாதன் சர்ச்சில்தான் இருந்தார் என்று, அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, பாஸ்டரே சாட்சி சொன்னார். தபீதாள் எழுந்தாள். “இல்லைங்க. என் பக்கத்துல இடம் காலியா இருந்துச்சு” என்றாள். சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். அந்த நேரம் வீட்டில் சுவர்ப் பெண்ணின் வாய் மூடிக்கொண்டது. கடைகளில் இருந்த சோப்பு உறைகளெல்லாம் வெள்ளையாயின. கோர்ட் வாசலில் சத்தியநாதனைப் பிடிக்கப் போலீஸ் நின்றது.

மறுநாள் அவள் சத்தியநாதனை அடைத்த சிறையின் சுவரில் நின்றாள், காலிக் குடத்தோடு, உதடுகளை இறுக மூடி, காலடியில் சத்தியநாதன் என்ற பெயரோடு. வார்டர் அந்தோணிசாமி சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிப் பார்த்தார், அவள் மறையவில்லை. பிறகு கைதிகளைத் தலை எண்ணும்போது அவளையும் சேர்த்து எண்ணினார்.