வேலையா, படிப்பா

“வேலைன்னா வேலைன்னு சொல்லு, படிப்புன்னா படிப்புன்னு சொல்லு. ரெண்டுங்கெட்டானா எதையோ சொல்லிக்கினு நிக்காத, ஆண்டாளு.”

காசியம்மாளின் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்டது. ஆண்டாளுக்கு அவள் நாத்தனார். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் இருக்கும் தன் மகன் தமிழரசனுக்கு ஆண்டாளின் மகள் மணிமொழியைக் கேட்டு வந்திருந்தாள். மணலூர்பேட்டையில் வேறொரு பெண் வீட்டார் காத்திருக்கிறார்களாம். அதனால் பதில் வாங்காமல் எழுந்திருப்பதாக இல்லை. ஆண்டாளும் பதிலுக்குக் கத்தினாள். எதற்குக் கத்துகிறோம் என்றுதான் அவளுக்கே பிடிபடவில்லை. தெரிந்தால்தானே சொல்வாள்?

மணிமொழி முனைவர் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. தெருவே டாக்டரம்மா என்றது. பக்கத்து வீட்டு சாலம்மாள் முழங்கால் வலியைக்கூடச் சொல்லிப் பார்த்தாள். இப்போது மணிமொழி போஸ்ட்டாக் என்று, பட்டத்துக்கு அப்புறம் செய்கிற ஆராய்ச்சி ஒன்றைத் தேடுகிறாளாம். அதற்குப் பரீட்சை கிடையாது. வெளிநாட்டுப் புரொபசர்களுக்கு இவளே மெயில் எழுதி, உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு இடம் உண்டா என்று கேட்க வேண்டுமாம். முன்பின் தெரியாத ஆண்களுக்கு ஒரு பெண் வரிசையாக எழுதுவதைத் தெரு எப்படி எடுத்துக்கொண்டது என்று விளக்க வேண்டியதில்லை. அப்பா கொளஞ்சியப்பன் மட்டும் ஒரு யோசனை சொன்னார்: ஜாதிச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பு, ஜெர்மன்காரனிடமும் ஒரு கோட்டா இல்லாமலா போகும்? காசியம்மாள் வந்த அன்றைக்கும் அவர் இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்குத் திருக்கோவிலூர் போயிருந்தார். போனை எடுக்கவில்லை.

தண்ணீரில் உப்பு கரைவதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி என்று மகள் சொன்னதை ஆண்டாள் காசியம்மாளிடம் அப்படியே ஒப்பித்தாள்.

“அத நான் தெனம் கொழம்புல பாக்குறன். எனுக்கு எவன் டாக்டர் பட்டம் குடுத்தான்?”

மகளையே கேட்டுவிடலாம் என்று ஆண்டாள் மாடி ஏறினாள். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டி நிழலில் மணிமொழி லேப்டாப்புக்குள் தெரிந்த ஒரு நரைத்த தாடிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்ட பெண், கையை ஆட்டி, அவரை இடைமறித்து, இல்லை இல்லை என்றாள். அவர் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார். வீட்டுப் பெண் பேசுவதைக் குறித்துக்கொள்ளும் ஆம்பளையை ஆண்டாள் அதுவரை பார்த்ததில்லை.

பேச்சு முடிந்ததும், இது வேலையா படிப்பா என்று ஆண்டாள் கேட்டாள்.

“சம்பளம் வரும்மா. ரெண்டு வருசம். அப்புறம் திரும்பவும் தேடணும்,” என்றாள் மணிமொழி. லேப்டாப்பை மூடிக்கொண்டே, “எதச் சொன்னா அத்த எழுந்து போவாங்க?”

தூரம் என்றால் காசியம்மாள் பயப்படுவாள் என்று கணக்குப் போட்டபடி ஆண்டாள் கீழே இறங்கினாள். “வேலைதான் அண்ணி. வெளிநாட்டுல.”

காசியம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப எம்புள்ள தமிழும் கூடவே போவட்டும்.”

ஆண்டாள் அவசரமாக மாற்றிச் சொன்னாள். “இல்ல அண்ணி, படிப்புதான். இது முடிஞ்சா இதுக்கு மேல ஒண்ணு இருக்குதாம். அதுக்கும் மேல இருக்குதாம்.”

காசியம்மாள் செருப்பைத் தேடினாள்.

தை மாதமே தமிழரசனுக்கும் மணலூர்பேட்டை ஷாலினிக்கும் கல்யாணம் ஆனது. கொளஞ்சியப்பன் கேட்ட ஒதுக்கீடு வந்து, வழக்கில் ரத்தாகிப் போனது. தாடிக்காரர் இடமில்லை என்று எழுதிவிட்டார். அதற்கப்புறம் எத்தனையோ பேருக்கு எழுதி, மணிமொழி கடைசியில் நார்வே போனாள்.

ஷாலினியின் குழந்தைக்குப் பேர் வைத்த அன்று ஆண்டாள் போனில் ஒரு படம் காட்டினாள். பனியில் ஆறு பேர், குல்லாவும் கோட்டுமாக, மூக்கு வரை மூடிக்கொண்டு. காசியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்த்தாள்.

“இதுல நம்ம பொண்ணு எது?”

ஆண்டாள் ஒன்றைக் காட்டினாள். ஷாலினி எட்டிப் பார்த்து இன்னொன்றைக் காட்டினாள். ஆறு பேரும் முழங்கால் வரை பனியில் புதைந்து, யாரோ எடுக்கும் படத்துக்காகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.