ஓரகத்தி கடைக் காலர்

சின்னவள் தையற்கடை திறந்த அன்று பெரியவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. வீடு திரும்பியதும் கணவரிடம், கடை நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அந்தத் 'தான்' எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இருவரும் ஓரகத்திகள், அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். பெரியவள் ஆயத்த ஆடை நிறுவனமொன்றில் கட்டிங் பிரிவுக்குத் தலைமை. அவள் துணியில் கோடு போட்டால் அதன்மேல் யாரும் அளவுகோல் வைப்பதில்லை. சொந்தமாகக் கடை வைப்பது அவளுடைய நெடுநாள் எண்ணம். அதற்கென்று வாங்கிய தையல் இயந்திரம் படுக்கையறை மூலையில் உறை போர்த்திக்கொண்டு நின்றது. பொத்தானுக்குக் காஜா எடுக்கும் இயந்திரம் இன்னும் வாங்கவில்லை. நல்ல உதவியாள் அமையவில்லை. கடைக்குப் பெயர் பிடிபடவில்லை. அலை ஓய்ந்து தலை முழுகக் காத்திருப்பவளுக்குக் கரையில் வேலைக்குக் குறைவில்லை.

பேருந்து ஓட்டுநரான கணவர் ஒருமுறை பொறுமையிழந்து சொன்னார்: "எல்லா சிக்னலும் பச்சையானப்புறந்தான் வண்டிய எடுப்பேன்னா, டிப்போவுலயே ரிட்டயர் ஆக வேண்டியதுதான்."

சின்னவள் வெட்டப் பழகியது பெரியவளிடந்தான். கொஞ்ச நாள் பழகிவிட்டு, மிச்சத்தைத் தைத்துக்கொண்டே கற்றுக்கொள்வதாகச் சொல்லிக் கடை போட்டுவிட்டாள். காலரைத் தைத்துத் திருப்பும்போது மூலையில் நூல் கோத்து இழுத்தெடுக்க வேண்டும். அப்போதுதான் முனை கூராக நிற்கும். பெரியவளின் முறை அது. சின்னவளோ கத்தரி நுனியால் குத்தித் தள்ளுவாள், முனை மழுங்கிவிடும். கண்டித்தால், பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்களா, காலரைப் பார்ப்பார்களா என்று சிரிப்பாள். அப்படிப்பட்டவளுடைய கடையில் இப்போது நிற்க இடமில்லை.

அந்தக் கடைக்கு எதிர்ச்சாரியில் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவரின் அறை இருந்தது. அவர் தொழிலை விடப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் பெரியவள் போய் விசாரித்தாள். யோசித்துச் சொல்லும்படியும், ஆனால் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டாமென்றும், வேறொருவரும் கேட்டிருப்பதாகவும் அவர் சொன்னார். அவள் யோசிக்கத் தொடங்கினாள். யோசிப்பதற்காக அந்தத் தெரு வழியாகவே வேலைக்குப் போய்வந்தாள். போகும்போதெல்லாம் எதிர்க்கடையில் கூட்டம் இருந்தது. அறையைப் பார்க்கப் போன கண் அங்கேயே நின்றுவிட்டது.

தொழில் தொடங்குமுன் போட்டியாளரை ஆராய வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். வயிற்றெரிச்சலுக்கு ஆராய்ச்சி என்று பெயரிட்டுவிட்டால் மனச்சாட்சி மறுபேச்சுப் பேசுவதில்லை. அடுத்த வீட்டு நர்ஸுக்குப் பிறந்தநாள் வந்தது. நல்ல பருத்தித் துணியாக எடுத்துக் கொடுத்து, சின்னவளிடம் சட்டை தைத்துக்கொள்ளும்படியும், தைத்ததும் தன்னிடம் ஒருமுறை காட்டும்படியும் கேட்டுக்கொண்டாள். சொந்தக்காரிமேல் எவ்வளவு அக்கறை என்று நர்ஸ் நெகிழ்ந்துபோனாள்.

சட்டை வந்தது. பெரியவள் அதைக் கட்டிலில் விரித்து, கதவைத் தாழிட்டுக்கொண்டாள். காலரின் இடமுனை வலமுனையைவிட ஓர் அரிசி மணி நீளம். இரண்டும் மழுங்கல். காஜாக்களில் ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே. ஒவ்வொரு பிழையும் தேனாய் இனித்தது.

அத்தோடு மடித்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் பிழையைக் கண்ட கை சும்மா இருக்கவில்லை. முதலில் இடமுனையை மட்டும் பிரித்தாள். ஒரு முனையைச் சரிசெய்தால் மற்றது கோணலாகத் தெரிந்தது. காலர் முழுவதையும் பிரித்து, ஓரத்தைச் சீராக்கி, நூல் கோத்து மூலைகளை இழுத்துத் தைத்தாள். காஜாக்களைக் கையாலேயே எடுத்துக் கட்டினாள். ஆராய்ச்சி எந்த இடத்தில் ஊழியமாக மாறியது என்பது இஸ்திரி போட்டு முடித்தபோதுதான் உறைத்தது. பிரித்ததை மறுபடி கெடுத்துத் தைக்க அவளுக்குத் தெரியாது. நர்ஸிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டாள்.

சில நாள் கழித்து நர்ஸ் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றாள். மருத்துவமனையில் எல்லாருக்கும் அந்தக் காலர்மேல்தான் கண்ணாம். பெரிய டாக்டரம்மாவே நிறுத்தி, எங்கே தைத்தது என்று கேட்டாராம்.

"உங்க ஓரகத்தி கை லேசுப்பட்ட கையில்லீங்க. எங்க வார்டே அங்க போய் நிக்குது."

அந்தக் காலர் தன்னுடையது என்று சொல்லப் பெரியவளுக்கு நுனிநாக்கு வரை வந்தது. சொன்னால், ஏன் பிரித்தாய் என்ற கேள்வி வரும். அதற்கு அவளிடம் பதில் இருந்தது; வெளியே சொல்லத்தக்க பதில் இல்லை. தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்கள் உலகில் உண்டு. அவள் அந்த மண்ணைச் சலித்தும் போட்டுக்கொண்டிருந்தாள்.

இதுவரை சின்னவளின் கூட்டத்தைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. இப்போது தன் கைவேலையைப் பார்த்தே எரிந்தது. அது அவளை விட்டுவிட்டு ஓரகத்தி வீட்டுக்குப் போய்ப் பேர் வாங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்னவளே வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கணவனின் குறட்டை முதல் கடை வாசல் சாக்கடை வரை பேசிவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த நர்ஸ் சட்டை காலர் நான் போட்டதில்லைக்கா."

பெரியவள் எழுந்து ஜன்னல் திரையை நேராக்கினாள்.

"நூல் போட்டு மூலைய இழுக்குற கை எனக்குத் தெரியாதா? பாத்ததுமே சிரிச்சுட்டேன். சண்டைக்கு வரல. ஆளாளுக்கு அதே காலர்தான் வேணுங்குறாங்க, எனக்கு வராது. காலர் மட்டும் நீங்க போட்டுக் குடுங்களேன். வீட்டுல இருந்தே பண்ணலாம். சும்மா வேணாம், கூலி தரேன்."

"யார் பேர்ல?"

"கடை பேர்லதான்க்கா. வேற யார் பேர்ல?"

கேட்டவளின் குரலில் சூது இல்லை. அதுதான் தாங்கவில்லை. பெரியவள், காஜாகூட நேராக எடுக்க வராமல் எந்தத் தைரியத்தில் கடை போட்டாய் என்று கேட்டாள். கேள்வியில் முள் இருந்தது. சின்னவள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"தைரியம் எங்க இருந்துச்சு? திறந்த அன்னைக்குக் கை உதறிக்கிட்டே இருந்துச்சு. கோணலா இருந்தா கொண்டுவருவாங்க, பிரிச்சுத் தைச்சுக் குடுப்போம்னு நெனச்சேன். நீங்க ஒருத்தர்தான்க்கா கோணலை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிச்சது."

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் முதன்முறையாக அவள் ஓரகத்தியின் கூட்டத்தை விட்டுவிட்டு, உதறிய அந்தக் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்.

"கூலிக்குத் தைக்க மாட்டேன். காலர் கேட்டு வரவங்கள எதிர்ப்பக்கம் அனுப்பு," என்றாள்.

"எதிர்ப்பக்கம் கடிகாரக் கடைதானே இருக்கு?"

"இப்போதைக்கு."

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கடிகாரக்காரரிடம் போனாள். எல்லாம் தயாரா என்று அவர் விசாரித்தார். காஜா இயந்திரம் இல்லை, ஆள் இல்லை, பெயர்கூட வைக்கவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"அப்புறம் என்ன அவசரம்மா? நான் காலி பண்ணவே மாசக் கடைசி ஆகும்."

"பரவால்லீங்க. பாதி மேசை குடுத்தா போதும்."

அவர் கடிகாரங்களை ஒதுக்கினார். அவள் கைப்பையிலிருந்து அளவு நாடாவையும் சாக்குக்கட்டியையும் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே சின்னவள் கூட்டத்துக்கு மேலாகக் கையசைத்தாள். ஒரு பெண்ணின் தோளைத் தொட்டு, தெருவின் இந்தப் பக்கம் சுட்டிக்காட்டினாள். அந்தப் பெண் வண்டிகளுக்கு வழிவிட்டு நின்று, பிறகு தெருவைக் கடக்கத் தொடங்கினாள்.

பெரியவளின் கை உதறியது. அதை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எதிர்க்கடையில் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.