சொட்டு மருந்து விட்ட சாயங்காலம்

கண்ணில் புரை விழுந்த பிறகு இருசம்மாளுக்குப் புருஷன் மாயாண்டி வெறும் நிழலாகத்தான் தெரிந்தான். சனிக்கிழமைகளில் அவன் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது, "நரைச்சிருச்சாய்யா?" என்பாள். "ஒரு முடிகூட இல்ல புள்ள" என்று அவன் கூசாமல் புளுகுவான். பெண்டாட்டி மனசிலாவது இளவட்டமாக இருந்துவிட்டுப் போகலாமே என்ற ஆசை மனுஷனுக்கு!

அந்த ஆசையையும் விட்டுவிட்டுத்தான், ரப்பர் விலை விழுந்து தோட்டமே சுருண்டு கிடந்த அந்த வருஷத்தில், அவளை அலோர் காஜாவிலிருந்து பஸ் ஏற்றி மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தான். மறுநாள் ஆப்பரேஷன். வார்டில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் கந்தசாமி மத்தியானமே அவள் வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டார். கண்மணியை விரிய வைக்கும் மருந்து அது. மணி விரிந்தால்தான் டாக்டர் புரையை எடுக்க முடியுமாம்.

வெயில் தாழ்ந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "அடப்பாவி மனுஷா!" என்றாள். "தலை பூரா பஞ்சாட்டம் கெடக்கு. ஒரு முடிகூட இல்லைன்னியே!"

மாயாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளோ சிரித்து ஓய்ந்து, துணிமூட்டையைக் கட்டத் தொடங்கினாள்.

"மருந்துலயே கண்ணு தெரிஞ்சிருச்சு. கத்தி எதுக்கு? வாய்யா, வீட்டுக்குப் போவோம்."

சத்தம் கேட்டுக் கந்தசாமி ஓடி வந்தார்.

"அக்கா, மணி விரிஞ்சதால பொறைக்கு ஓரமா வெளிச்சம் போவுது, அவ்வளவுதான் லா. மருந்து வேகம் தணிஞ்சா மணி பழையபடி சுருங்கிடும். பொறை அங்கயேதான் இருக்கு."

"கத்தி பட்டு உள்ளதும் போயிட்டா?"

"நெறைய பேருக்கு நல்லா வந்திருக்குக்கா. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது."

"பயமா இருந்தா போயிடலாம் புள்ள" என்றான் மாயாண்டி.

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு மூட்டையைக் கீழே வைத்தாள். "இப்படி வெளிச்சத்துல வந்து உக்காருய்யா."

அவனைச் சுருட்டுப் பிடிக்க வெளியே போகக்கூட விடவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பழங்கதை பேசினாள். தோட்டத்துக்கு வந்த புதிதில், மீன் வாங்க மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கடலோரத்துக் கோலா சுங்கை பாருவுக்குப் போயிருந்தார்கள். "அலை வந்து உன் வேட்டிய இழுத்துக்கிட்டுப் போச்சே! அப்ப முழிச்சியே ஒரு முழி. அதே முழிதான்யா இன்னமும்." மாயாண்டி சிரித்தான். அந்த நாள் ஒருதரம் திரும்பி வராதா என்று இருந்தது.

விடிந்ததும் கந்தசாமி மறுபடி சொட்டு விட்டார். தள்ளுவண்டி வந்தது. இருசம்மாள் அதில் படுத்து, மாயாண்டியைக் குனியச் சொல்லி ஆற அமரப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இப்பவே மூட வேணாம்க்கா, உள்ள போயி பார்த்துக்கலாம்" என்றார் கந்தசாமி.

"நீ தள்ளு தம்பி. கடைசியாப் பார்த்தது இவரு மூஞ்சியாவே இருக்கட்டும்."