வாய்ப்பூ

செகுந்தோவின் வாயிலிருந்து அந்தப் பூ வெளியே வந்தபோது, காம்போடு ஓர் எச்சில் நூலும் நீண்டு வந்தது. எவாரிஸ்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கத்தில் செகுந்தோவின் மற்றப் பூக்கள் தொங்கின. அவை இதைவிட மோசம்.

அத்தனையும் எவாரிஸ்தோ செதுக்கியவை. மருந்துக் குப்பியைச் சுற்றி மெல்லிய மரத்தில் ஊமத்தை இதழ் இழைத்து, சிவப்புப் பூசி, மைத்துனன் செகுந்தோவின் கல்யாணத்துக்கு அவர்தான் கொடுத்தார். ரீங்காரச் சிட்டின் அலகு நுழைய ஒரு துளை, கிளையில் செருக ஒரு காம்பு. அந்தக் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றால் சிட்டு மூக்குக்கு நேரே வந்து குடிக்கும் என்று கண்டுபிடித்தவன் செகுந்தோ. அன்றிலிருந்து தலைநகர் கீத்தோவிலிருந்து மலையேறி வரும் சுற்றுலாக்காரர்கள் எல்லோருக்கும் அதே காம்பு, அதே எச்சில். கழுவுவது என்ற வழக்கம் அந்த வீட்டில் ஞானஸ்நானத்தோடு முடிந்துவிட்டது.

குப்பிகளில் வெல்லத் தண்ணீர் புளித்து, சளிபோல் கொழகொழத்து, கறுப்புப் பூஞ்சை மீசை விட்டிருந்தது. எறும்புகள் ஊறி மிதந்தன. போன மாதம் ஒரு சிட்டு இதைக் குடித்துவிட்டுப் பின்பக்கமாகவே பறந்து கொலம்பியா எல்லையைத் தாண்டியது. அது போகிறதா வருகிறதா என்று தெரியாமல் காவலர்கள் விட்டுவிட்டார்கள்.

வேடிக்கை அத்தோடு சரி. மற்றவை நாக்கு வீங்கிச் செத்தன. எவாரிஸ்தோவின் கவலையெல்லாம் மேயர் என்று அவர் பேர் வைத்திருந்த சிட்டைப் பற்றித்தான். இரண்டு காலிலும் வெள்ளைப் பஞ்சு உறை, வால் நுனியில் கரண்டி போல இரண்டு இறகு, ஊரையே வாங்கிவிட்ட மிடுக்கு. அவர் தோட்டத்தில், வெந்நீரில் கழுவிய பூவில், வெள்ளைச் சர்க்கரைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். இப்போது இங்கேயே பழியாய்க் கிடக்கிறான்.

"புதுப் பூ கொண்டாந்தீங்களே மாமா, என்னாச்சு?"

"பாத்தான். போய்ட்டான்."

செகுந்தோ ஈறு தெரியச் சிரித்தான். பல்லிடுக்கில் அவித்த சோளம். "அவன் இந்தப் பூவுக்குத்தான் வருவான். வாயில வச்சுக்கிட்டு உங்க வீட்டுப் பக்கம் நடங்க. கூடவே வந்துருவான்."

"குடு, கழுவிட்டு வாரேன்."

"கழுவுனா அது வேற பூ. கழுவிக் கழுவித்தானே அவனத் தொலச்சீங்க? என்ன பெரிய அருவருப்பு! அக்காவுக்கு முத்தம் குடுக்கல? அதுவும் எங்க வீட்டு எச்சில்தான்."

"உங்கக்கா பல்லு வெளக்குவா, மச்சான்."

எவாரிஸ்தோ அந்தப் பூவின் குப்பியைக் கவிழ்த்தார். ஏதோ ஒன்று சொத்தென்று விழுந்தது. என்னவென்று அவர் பார்க்கவில்லை. தான் கொண்டுவந்திருந்த சர்க்கரைத் தண்ணீரால் அதை அலசி நிரப்பினார். காம்பைத் தொட மட்டும் செகுந்தோ விடவில்லை. அதில் ஐந்து கண்டத்துப் பற்களும் பதிந்திருந்தன. ஓரத்தில் ஒரு சோளத்தோல்.

கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். காம்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சோளத்தோல் நாக்கில் ஒட்டியது.

நாலு எட்டு வைப்பதற்குள் முகத்தில் காற்று விசிறியது. வாய் நிறைய எச்சில் ஊறியது. துப்பினால் பூ விழும்.

"முழுங்குங்க மாமா!" என்று பின்னாலிருந்து செகுந்தோ கத்தினான்.

தன் வீட்டு வேலி எவ்வளவு தூரம் என்று பார்க்க எவாரிஸ்தோ கண்ணைத் திறந்தார். வேலி தெரியவில்லை. மூக்கு நுனிக்கு முன்னால் இரண்டு வெள்ளைக் காலுறைகள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.