நுழைவாசலில் ஏழு கப்பல்கள்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்று வாரமாகியிருந்தது. விசைப்படகு ஆட்களுக்கு மணப்பட்டில் வேலையில்லை. அக்கா கல்பனாவின் கணவர் ராஜ்மோகன்தான் விமலின் போனில் அந்த விண்வெளிப் போர் கேமை ஏற்றிக் கொடுத்தார். விமல் ஆறு வருஷமாக வலை இழுப்பது அவருடைய படகில். கேமிலும் அவர்தான் தலைவர். நாற்பது பேர் கொண்ட அணி அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

முதல் நாளே விமல் எதிரியின் ஒற்றைக் கப்பலைத் துரத்திப்போய், கிரகத்தின் மறைவில் காத்திருந்த கூட்டத்திடம் மாட்டி எல்லாவற்றையும் இழந்தான்.

"தனியா ஓடுறவன நம்பாதடா. வேவுக்கப்பல முன்னால அனுப்பு, பெருச பின்னால வெச்சிக்கோ" என்று ராஜ்மோகன் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். படகில் அவர் அவ்வளவு பொறுமையாகப் பேசி விமல் கேட்டதில்லை. இரண்டு வாரம் கனிமம் சேர்த்து ஏழு கப்பல் கட்டினான்.

பெரிய சண்டை ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தது.

"நீ நம்ம தளத்து நுழைவாசல்ல நில்லு. இன்னா ஆனாலும் நவராத. நாங்க வரோம்" என்றார் ராஜ்மோகன்.

முப்பதுக்கு மேல் எதிரிக் கப்பல்கள் வந்தன. "மாமா, வந்துட்டானுங்க" என்றான் விமல். எதிர் நாற்காலியில் இருந்த ராஜ்மோகன் நிமிரவில்லை. விமலின் கப்பல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஏழாவதும் போன பிறகு ராஜ்மோகனின் படை வேறு வழியாகப் பாய்ந்து, காவலில்லாத எதிரித் தளத்தைப் பிடித்தது.

"வரேன்னீங்களே மாமா?"

"வந்திருந்தா தளத்த எப்பிடிடா புடிக்கிறது? முன்னாடியே சொல்லியிருந்தா நீ நின்னிருப்பியா?"

விமலுக்குப் போன ஆடி மாதம் நினைவு வந்தது. காற்று எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று சொல்லித்தான் ராஜ்மோகன் படகை எடுத்தார். அன்று அலையில் விழுந்த, கூட வலை இழுத்த செல்லக்கண்ணுவின் உடல் பிள்ளைச்சாவடிக் கரையில் ஒதுங்கியது. தனக்குத் தகவலே வரவில்லை என்று ராஜ்மோகன் ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது, ஆமாம் என்று சாட்சி சொன்னவன் விமல்.

"காத்து அடிக்கும்னு அன்னிக்கும் தெரியுமா மாமா?"

ராஜ்மோகன் போன் திரையைச் சட்டையில் துடைத்தார். டீ கொண்டுவந்த கல்பனா புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு, டம்ளர்களைக் கீழே வைத்து உள்ளே போனாள்.

தடை முடிந்து படகு கிளம்பியபோது விமல் ஏறவில்லை. அரியாங்குப்பத்தில் வீடு கட்டும் இடத்தில் கல் சுமக்கப் போனான். அக்காவை நினைத்து, தன் சந்தேகத்தைப் பற்றி ஊரில் வாய் திறக்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் செல்லக்கண்ணுவின் மனைவி பவுனம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாப்பா, கடலுக்குப் போறதில்லியா?"

"உடம்பு முடியல" என்றான். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, வேலைக்கு நடந்து போனான்.